வாளியில் வந்த மீன்கள்

முதல் நாள்: டப்ளின் – ஃபின்னே

காலை பத்து மணிக்கு டப்ளினை விட்டுக் கிளம்பினோம். வண்டியில் நானும் நண்பனின் தம்பியும். அவன் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நன்னீர் மீன்களைப் பற்றி ஆய்வு செய்கிறான். "அண்ணா, ஒரு வாரம் லீவு போட்டுட்டு வாங்க. ஒரு ஆறு எப்படிக் கை மாறுதுன்னு நேர்ல காட்டுறேன்" என்று மார்ச்சிலேயே சொல்லி வைத்திருந்தான். மே கடைசி வாரம்தான் சரியான நேரம் என்றும் சொன்னான். ஏன் என்பது நாளைக்கு.

முல்லிங்கரில் மதியச் சாப்பாடு. அங்கிருந்து ஃபின்னே பக்கம்தான். ஒரு பழைய கல்பாலம், அதன் கீழே இன்னி ஆறு, நாலு கடை. 1646இல் இந்தப் பாலத்தைக் காத்து நின்றதாகச் சொல்லப்படும் மைல்ஸ் ஓ'ரெய்லிக்கு ஊருக்குள் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அடுத்த மூன்று நாளும் இந்த ஆற்றோடுதான் எங்கள் வழி. ஷீலின் ஏரியிலிருந்து இறங்கும் இன்னி, கினேல், டெரவாரா, அயர்ன் ஏரிகளைத் தொட்டுக்கொண்டு போய் ரீ ஏரியில் விழுந்து ஷானன் ஆற்றோடு கலக்கிறது.

பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு தம்பி கதையைத் தொடங்கினான். கடைசிப் பனியுகம் முடிந்து பனி உருகியபோது அயர்லாந்தின் ஆறுகளில் மீன் இல்லை. கடலிலும் வாழத் தெரிந்த மீன்கள் மட்டும் கழிமுகம் வழியாக ஏறி வந்தன. சால்மன், பழுப்பு டிரவுட், சார், விலாங்கு, இன்னும் சில. பிரிட்டனின் ஆறுகளில் நிறைந்து கிடக்கும் ரோச், டேஸ், சப் எல்லாம் நம் கெண்டையின் சொந்தக்காரர்கள், உப்புத் தண்ணீரைத் தாண்டி வர அவற்றுக்கு வழியில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இந்தத் தீவின் டிரவுட்டுக்குப் போட்டியாக நிற்க அவை இங்கே வரவேயில்லை.

தூண்டில்காரர்கள் சால்மன், டிரவுட் வகையை 'கேம்' மீன் என்பார்கள். மற்ற நன்னீர் மீன் எல்லாம் அவர்களுக்கு 'கோர்ஸ்' மீன். பிடிக்கிறவர்கள் போட்ட பிரிவு இது, உயிரியலில் இதற்கு இடமில்லை.

இன்னொன்றையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். நானும் இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்தவன். 'வந்தேறி' என்ற சொல்லை மீனுக்குக்கூட எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதன் தன் காலால் நடந்து வருவதும், ஒரு மீனை யாரோ ஒருவர் கொண்டுவந்து ஆற்றில் கொட்டுவதும் ஒன்றல்ல. அயல் மீன் என்றே எழுதப்போகிறேன்.

இரண்டாம் நாள்: ஷீலின் ஏரி

மே மாதம் ஏன் என்பதற்கு இன்று விடை கிடைத்தது. மேஃப்ளை.

நம் ஊரில் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். ஏரியடிச் சேற்றில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு புழுவாகக் கிடந்த பூச்சி, இந்த ஓரிரு வாரங்களில் மொத்தமாக மேலே வந்து சிறகு விரிக்கிறது. வளர்ந்த பூச்சிக்கு உண்ண வாயே கிடையாது. ஓரிரு நாளில் இணை சேர்ந்து, முட்டையிட்டு, தண்ணீர்மேல் விழுந்து சாகிறது. அந்த விருந்துக்காக ஆழத்தில் கிடக்கும் பெரிய டிரவுட்கூட மேலே ஏறி வரும். இந்த நாட்களில் ஷீலின் கரையில் படகு கிடைப்பதே கஷ்டம்.

நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுப் பெரியவர் தன் படகில் எங்களை ஏற்றிக்கொண்டார். ஐம்பது வருடமாக இந்த ஏரியில் தூண்டில் போடுகிறவர். மாலை ஏழு மணிக்கு மேல் காற்று அடங்கியது. தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆனது. செத்த பூச்சிகள் சிறகை விரித்தபடி மிதந்தன. முதலில் ஒரு வளையம், அப்புறம் தள்ளி இன்னொன்று. மீன் பூச்சியை உறிஞ்சும் சத்தம் முத்தமிடுவதுபோல் கேட்டது.

ஒன்பதரை மணிக்கு, இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, பெரியவருக்கு ஒன்று மாட்டியது. வலையில் எடுத்து, தண்ணீரிலேயே வைத்து, கையை நனைத்துக்கொண்டுதான் தொட்டார். காய்ந்த கை பட்டால் மீனின் வழவழப்புப் பூச்சு போய்விடுமாம். முதுகு ஆலிவ் பச்சை, பக்கம் வெண்ணெய் நிறம். கரும்புள்ளிகள், நடுநடுவே குங்குமம் வைத்ததுபோல் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய ஒரு வளையம். முதுகின் கடைசியில், வாலுக்குச் சற்று முன்னால், எலும்பில்லாத சின்னச் சதைத் துடுப்பு ஒன்று. "இதைப் பார்த்துக்கோங்க அண்ணா, கெண்டைக் குடும்பத்துல எதுக்கும் இது கிடையாது" என்றான் தம்பி. முள்ளைக் கழற்றியதும் பெரியவர் மீனைத் தண்ணீர் வரும் திசை நோக்கிப் பிடித்துக்கொண்டார். செவுள் நாலைந்து முறை திறந்து மூடியது. பிறகு கையை விட்டுப் போய்விட்டது.

ஐரிஷ் மொழியில் டிரவுட்டுக்கு 'பிராக்' என்று பெயர். அதே சொல்லுக்குப் புள்ளி போட்டது என்றும் பொருள். இங்கே தேநீரோடு தரும் உலர்திராட்சை ரொட்டியின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. ஒரு மீன் ரொட்டியோடு பெயரைப் பங்கிட்டுக்கொள்ளும் அளவுக்கு இந்த மண்ணோடு பழகியிருக்கிறது.

படகில் வைத்தே பெரியவர் பழைய கதை சொன்னார். 1970களில் சுற்றுவட்டாரப் பன்றிப் பண்ணைக் கழிவு ஓடைகள் வழியாக ஏரிக்கு வந்து தண்ணீர் பச்சையாகிப் போன காலம். டிரவுட் குறைந்துபோனது. அதே காலத்தில் ரோச் பெருகியது. உரம் ஏறிய தண்ணீரும் ஆக்ஸிஜன் குறைந்த தண்ணீரும் ரோச்சுக்குத் தொல்லை இல்லை. கழிவைக் கட்டுப்படுத்தப் பிறகு எத்தனையோ போராட்டம். இன்று இந்த ஏரி ஓரளவு மீண்டிருக்கிறது, அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது.

தம்பி மெல்வின் ஏரியைப் பற்றியும் சொன்னான். வடமேற்கில் எல்லையை ஒட்டிய ஏரி. ஒரே ஏரிக்குள் சோனகன், கில்லரூ, ஃபெராக்ஸ் என்று மூன்று விதமான டிரவுட் தனித்தனியாக இனம் பெருக்கிக்கொண்டு வாழ்கின்றன. கில்லரூ என்றால் சிவந்த பையன். அது நத்தை தின்று வாழ்வது. ரோச்சும் நத்தை தின்னும். அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்: ஃபின்னே – டெரவாரா

காலை ஆறரைக்கே தம்பி கதவைத் தட்டினான். "சீக்கிரம் வாங்கண்ணா, ரோச் முட்டை போடுது."

ஆறு கினேல் ஏரிக்குள் நுழையும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கோரை மண்டிய ஓரம். பத்தடி தள்ளி நிற்கும்போதே சத்தம் கேட்டது. சட்டியில் எண்ணெய் பொரிவதுபோல். கிட்டே போனால் முழங்கால் ஆழத் தண்ணீரில் நூற்றுக்கணக்கான வெள்ளி முதுகுகள் ஒன்றின்மேல் ஒன்று புரண்டுகொண்டிருந்தன. கோரையின் அடித்தண்டு முழுக்க ஜவ்வரிசி ஒட்டியதுபோல் முட்டை.

தம்பி கைவலையில் ஒன்றை எடுத்துக் காட்டினான். நம் கெண்டைபோல் பெரிய செதில், செக்கச் சிவந்த கண், ஆரஞ்சு நிறத் துடுப்பு. தலையைத் தடவிப் பார்க்கச் சொன்னான். உப்புத்தாள்போல் சொரசொரவென்று இருந்தது. முட்டையிடும் பருவத்தில் ஆண் மீனுக்கு மட்டும் இப்படி வெள்ளைப் பருக்கள் எழும்புமாம். அழகான மீன்தான். கையில் துடித்துக்கொண்டிருந்த அதன்மேல் எனக்கு எந்தக் கோபமும் வரவில்லை. அதே இடத்தில் விட்டுவிட்டோம்.

ஒரு பெண் டிரவுட் தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1,500 முதல் 2,000 முட்டை போடும். அதற்கும் சுத்தமான சரளைக்கல் வேண்டும், கல்லுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்காலத்தில் வாலால் குழி பறித்து முட்டையைக் கல்லால் மூடிவிட்டுப் போகிறது. சேறு படிந்தால் முட்டை மூச்சு முட்டிச் செத்துவிடும். ரோச்சுக்கு ஒரு கோரைத் தண்டு போதும். பெரிய பெண் ரோச் ஒன்று பல்லாயிரம் முட்டை போடும். டிரவுட் ஒண்டியாக வாழ்வது, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கல்லை வைத்துக்கொண்டு அதன் பின்னால் நின்று, வரும் இரையை எடுக்கும். ரோச் கூட்டமாக வந்து, தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரிலிருந்து கல்லடிப் பூச்சிவரை வழித்துக்கொண்டு போய்விடும். சண்டை என்று ஒன்றும் நடக்காது. டிரவுட் குஞ்சு வளர்வதற்கான சோறு குறைந்துபோகும், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் இந்தக் கோரை மண்டிய அமைதியான ஓரம் இங்கே எப்படி வந்தது? மதியம் டெரவாராவை நோக்கிக் கரையோரமாகப் போனபோது அதுதான் பேச்சு. ஆறு அங்கே வாய்க்கால்போல் நேராக ஓடுகிறது. இரண்டு பக்கமும் உயர்ந்த மண்மேடு, அதன்மேல் புல். 1945இல் வந்த வடிகால் சட்டத்தின் கீழ், 1960களில் இன்னியை ஆழப்படுத்தினார்கள். மேய்ச்சல் நிலத்தில் வெள்ளம் தேங்கக் கூடாது என்பது நோக்கம். விவசாயிக்கு அது தேவையாகவும் இருந்தது. இயந்திரம் இறக்கி ஆற்றின் அடியிலிருந்த சரளையையும் பாறையையும் அள்ளிக் கரையில் போட்டார்கள். டெரவாரா ஏரியின் மட்டமே இறங்கிப்போனது. மடு, ஓட்டம், மடு, ஓட்டம் என்று மாறி மாறிப் போன ஆறு ஒரே ஆழத்தில் மெதுவாக நகரும் தண்ணீர் ஆனது.

நாங்கள் நடந்த மேட்டில் புல்லுக்கு நடுவே ஒரு கல்லைத் தம்பி காலால் பெயர்த்தான். வழவழவென்று உருண்ட ஆற்றுக்கல். டிரவுட் முட்டை கிடந்திருக்க வேண்டிய கல், இப்போது மாட்டுச் சாணிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இந்தப் பயணத்தில் என்னை மிகவும் உலுக்கிய காட்சி அதுதான். ரோச் வருவதற்கு முன்பே அதற்கு வீடு கட்டி வைத்திருக்கிறோம்.

டெரவாராவில் அன்னங்கள் இருந்தன. லிர் என்பவரின் நான்கு பிள்ளைகளைச் சிற்றன்னை அன்னமாக்கி 300 ஆண்டுகள் இந்த ஏரியில்தான் விட்டாள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. குழந்தைகளோடு வந்திருந்த ஒரு குடும்பம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டில் பைக் மீனைப் பற்றிப் பெரியவருக்கும் தம்பிக்கும் வாதம். பெரிய வாய், கூரான பல், டிரவுட்டை விழுங்கும் வேட்டை மீன். பெரியவர் தலைமுறைக்கு அது வெளியிலிருந்து வந்த எதிரி. 2013இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, பைக் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பே தானாக இங்கு வந்திருக்கலாம் என்றதைத் தம்பி எடுத்துச் சொன்னான். ஷீலின், கோரிப், மாஸ்க் போன்ற டிரவுட் ஏரிகளில் பைக்கை வலை போட்டு எடுப்பது சரியா என்று இரண்டு தரப்புத் தூண்டில்காரர்களும் இன்றும் மோதிக்கொள்கிறார்கள். எனக்குத் தம்பியின் பக்கம் நியாயம் தெரிந்தது, ஆனால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லவில்லை.

நான்காம் நாள்: அபேஷ்ரூல் – பாலிமஹோன்

அபேஷ்ரூலில் ஒரு விசித்திரமான இடம். டப்ளினிலிருந்து ஷானன்வரை போகும் ராயல் கால்வாய் இங்கே ஒரு கல் தொட்டிப் பாலத்தில் ஏறி இன்னி ஆற்றைக் கடக்கிறது. 1817இல் ஷானனைத் தொட்ட கால்வாய். மேலே நின்றால் கால் பக்கத்தில் அசையாத கால்வாய்த் தண்ணீர், எட்டிப் பார்த்தால் பல அடி கீழே ஓடும் ஆறு. மேலே ரோச், பிரீம், டெஞ்ச், பெர்ச், எல்லாமே கோர்ஸ். இங்கிலாந்திலிருந்து வந்த தூண்டில்காரர் ஒருவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கோர்ஸ் தூண்டிலை நம்பித்தான் சுற்றுவட்டாரத்தில் பல விடுதிகள் ஓடுகின்றன. அதனால் யாரையும் சுலபமாகக் குற்றம் சொல்லிவிட முடியாது.

பாலிமஹோனுக்குப் போனதற்குக் காரணம் சப். இந்த மீன் அயர்லாந்தில் இல்லாமலே இருந்தது. 2000களின் தொடக்கத்தில் இன்னியில் இருப்பதாகத் தெரியவந்தது. யாரோ, சப் பிடிக்கும் ஆசையில், எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். ரோச்சாவது மெதுவான தண்ணீரில் நின்றுகொள்ளும். சப் டிரவுட்டின் இடமான ஓட்டத் தண்ணீரிலேயே நிற்கும், பூச்சி, பழம், சின்ன மீன் என்று எதையும் தின்னும், இருபது ஆண்டுவரைகூட வாழும். இன்னியிலிருந்து ஷானனுக்குப் போய்விட்டால் நாட்டின் மிகப் பெரிய ஆற்று வலை முழுக்கத் திறந்துவிடும்.

மீன்வளத் துறையினர் 2006 முதல் சில ஆண்டுகள் மின்சாரம் பாய்ச்சிப் பிடித்தார்கள். தம்பி அந்த முறையை விவரித்தான். படகின் முன்னால் ஒரு கம்பி வளையம் தண்ணீருக்குள் இருக்கும். மின்சாரம் பாயும்போது பக்கத்திலிருக்கும் மீன் தன்னையறியாமல் அந்த வளையத்தை நோக்கியே நீந்தி வந்து மயங்கும். வலையில் அள்ளித் தொட்டியில் போட்டு, சப்பை மட்டும் பிரித்துவிட்டு, மற்றவை தெளிந்ததும் ஆற்றில் விடுவார்கள். 2010 வாக்கில் ஒழிந்துவிட்டது என்றே நம்பினார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டு கழித்து மறுபடி கண்ணில் பட்டது. இப்போது பிடிபட்டால் திரும்ப விடாதீர்கள், படம் எடுத்துத் தகவல் சொல்லுங்கள் என்று தூண்டில்காரர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

அடையாளம் காண்பதுதான் கஷ்டம். சின்ன சப்பும் டேஸும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து தம்பி தன் கைபேசியில் இரண்டு படம் காட்டினான். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் துடுப்பை விரித்துப் பார்க்க வேண்டும். அதன் ஓரம் வெளியே வளைந்து விசிறிபோல் இருந்தால் சப். உள்ளே குழிந்து அரிவாள்போல் இருந்தால் டேஸ். ஒரு விரல்நக அளவுத் துடுப்பின் வளைவை வைத்து ஒரு ஆற்றின் கதி தெரிகிறது.

ஐந்தாம் நாள்: பாரோ

நாள் முழுக்க மழை. தெற்கே இறங்கி கிரேக்னமனாவில் பாரோ ஆற்றைப் பார்த்தோம். இங்கேயும் டேஸ் வந்துவிட்டது. கொஞ்சம் கீழே செயின்ட் மலின்ஸில் 2010இல் ஆசிய மட்டி கண்டுபிடிக்கப்பட்டது, நாட்டிலேயே முதல் முறையாக. நனைந்துபோய்ச் சீக்கிரமே தூங்கினோம்.

ஆறாம் நாள்: மேலோ

எல்லாம் தொடங்கிய ஊருக்கு வந்து சேர்ந்தோம். கார்க் மாவட்டம், பிளாக்வாட்டர் ஆறு. ஐரிஷ் மொழியில் இதற்குப் பெரிய ஆறு என்றே பெயர்.

1889. பைக் பிடிப்பதற்கு உயிர் இரையாக இங்கிலாந்திலிருந்து ரோச்சையும் டேஸையும் தகர டின்களில் கொண்டுவந்திருந்தார்கள். மீன் சாகாமலிருக்க டின்களை ஆற்றில் அமிழ்த்தி வைத்திருக்க, வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனது. அந்த இரண்டு இனமும் இந்தத் தீவின் தண்ணீருக்குள் வந்த கதை இதுதான். வடக்கே டைரோன் மாவட்டத்தில் பேரன்ஸ்கோர்ட் ஏரிகளில் விடப்பட்ட ரோச் வெள்ளத்தில் ஃபாயில் ஆற்று வழிக்குள் போனது. பிறகு எர்ன் ஆறு, 1973இல் நே ஏரி, அப்புறம் ஷானன். நிலத்தின் மேடு தாண்டி ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்கு ரோச் நடந்து போகாது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் வாளியைத் தூக்கியிருக்கிறார். இப்போது மீனை உயிரோடு இரையாக்குவதும், ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் சட்டப்படி குற்றம். 2011இல் வந்த விதிகளின் பட்டியலிலேயே ரோச், டேஸ், சப் மூன்றும் இடம்பெற்றன.

இதை எழுதும்போது நம் ஊர் வாளிகளும் நினைவுக்கு வருகின்றன. நம் குளங்களில் நாட்டு மீனை ஓரங்கட்டிய ஜிலேபி கெண்டை ஆப்பிரிக்க மீன், 1952இல் இந்தியாவுக்குள் வந்தது. நீலகிரியில் அவலாஞ்சியில் குஞ்சு பொரித்து ஓடைகளில் விட்ட டிரவுட்டும் அப்படித்தான், தங்கள் தூண்டில் ஆசைக்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. ஷீலினில் நான் கையெடுத்துக் கும்பிடத் தோன்றிய அதே குடும்பத்து மீன், நம் மலையோடையில் அயல் மீன். மீனிடம் குற்றமில்லை என்று ரோச்சைக் கையில் பிடித்தபோது தோன்றியது, மேலோ பாலத்தில் நின்றபோது உறுதியானது.

பாலத்தின் நிழலில் விரலளவு மீன்கள் கூட்டமாக நின்றன. டிரவுட் குஞ்சா, டேஸா என்று நானே கண்டுபிடிக்க வேண்டும் என்று தம்பி வாய் திறக்காமல் நின்றான். பத்து நிமிடம் பார்த்தேன். அத்தனையும் ஒரே திசையில், ஒரே நேரத்தில் திரும்பின. பக்கம் முழுக்க வெள்ளி, புள்ளியே இல்லை.

"டேஸ்" என்றேன்.

"கல்லுக்குப் பின்னாடி பாருங்க அண்ணா."

கூட்டத்துக்கு நாலடி கீழே, ஒரு தட்டைக் கல்லின் வால்பக்கம், ஒன்றே ஒன்று தனியாக நின்றது. வாலை மட்டும் மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஏதோ மிதந்து வந்ததும் எம்பி எடுத்துவிட்டுத் திரும்பக் கல்லுக்கே வந்தது. பக்கத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தது.

மழை பிடித்துக்கொள்ளும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டப்ளினுக்குக் கிளம்பினோம். பாரோவில் நனைந்த ரப்பர் பூட்சை வண்டிக்குள் ஏற்றும் முன் தம்பி சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வைத்தான். மட்டிக் குஞ்சோ பாசித் துணுக்கோ ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடுமாம், 48 மணி நேரமாவது நன்றாகக் காய வேண்டும். இரண்டு ஜோடியும் இப்போது என் பால்கனியில் தலைகீழாகத் தொங்குகின்றன.